துரினில் ஒருவருக்கு ஓர் அறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூட வருகிறாயா என்று ஒருவரிடம் கேட்டேன், அவ்வளவுதான். அது கூப்பிடுவது, அனுமதி கேட்பது அல்ல. அந்த வித்தியாசம்கூடத் தெரியாத குடும்பத்தில் முப்பத்தேழு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

கேட்டது என் கணவர் எர்மெஸிடம். ஜனவரி மாதம், காலை ஏழு மணி. அடுப்பில் காபி பொங்கிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வட இத்தாலியில் எங்கள் ஊர் கார்பியில் ஜனவரி என்றால் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, அதற்கு அப்பால் இன்னும் கொஞ்சம் மூடுபனி.

"எர்மெஸ், ஆகஸ்ட்ல நாம ரெண்டு பேர் மட்டும் துரின் போவோமா? நாலு நாள். நல்ல ஹோட்டல்ல தங்கலாம்."

அவர் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, தலைகூட நிமிராமல் சொன்னார்.

"தெயான்னாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

தெயான்னா அவருடைய அக்கா. எனக்கு நாத்தனார். இரண்டு தெரு தள்ளி வீடு. என்னோடு ஊருக்கு வருவதற்கு அவளிடம் கேட்க வேண்டுமாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகையும் வந்தது, வரவிடவில்லை. காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு மாடிக்குப் போய் ஹோட்டலுக்குப் போன் போட்டேன். அதற்கு முந்தின நாள்தான் இருவருக்கு என்று அறை சொல்லி வைத்திருந்தேன்.

"ஒருத்தருக்குன்னு மாத்திக்கோங்க," என்றேன்.

"ஜன்னல் சதுக்கத்தைப் பார்த்து இருக்கணுமா, முற்றத்தைப் பார்த்து இருக்கணுமா, சிஞ்ஞோரா?"

"சதுக்கம். முற்றத்தைப் பார்த்த ஜன்னல் எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

அந்த முற்றத்து ஜன்னல் கதையைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷமாக ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டிய இரண்டு வாரம் எங்கள் குடும்பம் பெல்லாரியாவில் கடற்கரைக்குப் போகிறது. கடலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு வாடகை வீடு. கடற்கரையில் லோரிஸ் என்பவர் நடத்தும் குடை வரிசைகளில் ஒரு குடை. குடை என்றால் சும்மா குடை இல்லை. வருஷா வருஷம் அதே இடம், அதே எண், பக்கத்துக் குடையில் அதே முகங்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கடைசி வரிசை. முன்னால் யாராவது செத்துப்போனாலோ பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டாலோதான் ஒரு வரிசை முன்னேறலாம். நாங்கள் ஏழாவது வரிசையில் ஆரம்பித்து இரண்டாவதுக்கு வந்திருந்தோம். முதல் வரிசைக் கிழவரின் இருமலைப் பற்றி தெயான்னா அவ்வளவு அக்கறையாக விசாரிப்பாள், பாவம், அந்த மனிதர் அதை அன்பு என்றே நினைத்திருந்தார்.

குடை லோரிஸின் நோட்டில் என் பேரில் இருந்தது. முதல் வருஷம் எல்லோரும் வேலைக்குப் போயிருக்க, போன் போட்டது நான் என்பதால். அதைக் கேட்டதும் தெயான்னா ஒரு சட்டம் போட்டாள். "குடை யார் பேர்ல இருக்கோ அவதான் வீட்டுக்காரி. வீட்டுக்காரிதான் சமையல் பொறுப்பு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன், முட்டாள். அன்றிலிருந்து சமையல் நான்தான், இப்போது ஒன்பது பேருக்கு. எர்மெஸ், தெயான்னா, அவள் கணவர் ஒரியானோ, அவர்களுடைய இரண்டு பையன்கள், இரண்டு மருமகள்கள், ஒரு பேத்தி, கடைசியாக நான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் முற்றம், முற்றத்தில் குப்பைத்தொட்டி. மத்தியானம் ஒரு மணிக்குச் சுடச்சுட பாஸ்தா மேசையில் இருக்க வேண்டும், ஏனென்றால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் குழந்தையைத் தண்ணீரில் இறக்கலாம், நேரம் தவறினால் பிள்ளைக்கு வயிறு பிடித்துக்கொள்ளுமாம். நான் கடலைப் பார்த்தது சாயங்காலம் ஆறு மணிக்கு, துண்டுகளை எடுத்து உதறப் போகும்போது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வந்தார்கள். தெயான்னா கையில் ஒரு பாட்டில் சிவப்பு ஒயினோடு, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தாள். காரணம் உண்டு. முந்தின வாரம் லோரிஸ் எனக்குப் போன் செய்திருந்தார். முதல் வரிசைக் கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எண் பன்னிரண்டு எங்களுக்குத்தான், வேண்டுமென்றால். பிப்ரவரி மூன்று, சான் பியாஜோ திருநாளுக்குள் நோட்டில் பேர் இருக்கிறவரே வாய்விட்டு "சரி" சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். லோரிஸின் அப்பா காலத்திலிருந்து அதுதான் முறை. நான் எர்மெஸிடம் சொன்னேன். எர்மெஸ் எங்கே போய்ச் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

"முதல் வரிசை!" என்று தெயான்னா கிளாஸைத் தூக்கினாள். "காலை நீட்டினா கடல்!"

நான் சூப்பில் மிதக்கும் தொர்தெல்லினி பாஸ்தாவை எல்லோருக்கும் பரிமாறி முடித்து, கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் இந்த வருஷம் பெல்லாரியா வரலை. துரின் போறேன்."

"எங்கே?" என்றார் ஒரியானோ.

"துரின்."

"யாராவது ஆஸ்பத்திரியில இருக்காங்களா?"

"யாரும் இல்லை. சுத்திப் பார்க்கப் போறேன். நல்ல ஹோட்டல், நல்ல துணி, நல்ல காபி. நாலு நாள்."

பெரிய பையன் விழுந்து விழுந்து சிரித்தான். தெயான்னா சிரிக்கவில்லை.

"ஆகஸ்ட்லயா? அட லூசு, ஆகஸ்ட்ல துரின்காரனே துரின்ல இருக்க மாட்டான். புறாதான் இருக்கும். எல்லாம் மூடிக் கிடக்கும்."

"என் அடுப்பும்தான் மூடிக் கிடக்கும்," என்றேன்.

சின்ன மருமகள் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"மகாராணி மாதிரி ஹோட்டல்ல போய் உக்காருவியா நீ?" என்றாள் தெயான்னா. "ஒருத்தியா? அறுபத்துமூணு வயசுல? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"பணக்கார விதவைன்னு நினைப்பாங்க. நினைச்சுட்டுப் போகட்டும்."

எர்மெஸ் இருமினார். என் பக்கம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அவர் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டார்.

ஏன் துரின் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை, ஆகவே நானே சொல்கிறேன். முப்பத்துநாலு வருஷம் நான் இங்கே துணிக் கம்பெனியில் மாதிரி தைக்கும் பிரிவில் இருந்தேன். ஒரு கோட்டு, ஒரு பாவாடை, எது புதிதாக வந்தாலும் முதல் உருப்படி என் கையில்தான் பிறக்கும். பிறகு அது பெரிய ஊர்க் கடைகளுக்குப் போகும், யாரோ போட்டுக்கொண்டு எங்கேயோ நடப்பார்கள். எங்கே நடப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே தைப்பேன். முடிதிருத்தும் கடையில் ஒரு பத்திரிகையில் துரின் படம் பார்த்தேன். மைல் கணக்கில் தூண் வளைவுகள் போட்ட நடைபாதை, மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் தலையில் படாது. ராஜாக்கள் இருந்த ஊர். சிவப்பு வெல்வெட் நாற்காலி போட்ட பழைய காபிக்கடையில் காபி, சாக்லேட், பாலாடை மூன்றையும் அடுக்கடுக்காக ஒரே கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து வைப்பார்களாம். இங்கேதான் நடப்பார்கள் என்று எனக்குப் பட்டது. கூட்டம் இல்லாத ஆகஸ்டில் அந்த வளைவுகளின் கீழே நல்ல துணி போட்டுக்கொண்டு, கையில் பை கூட இல்லாமல் நடக்க வேண்டும். காய்கறிப் பை இல்லாமல். அதுதான் ஆசை.

அந்த வாரமே மொடெனாவுக்குப் போய் தந்த நிற லினன் துணி எடுத்துவந்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்து வெட்ட ஆரம்பித்தேன். எர்மெஸ் வாசலில் நின்று பார்த்தார்.

"யாருக்கு இது?"

"எனக்கு."

இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்ததே இல்லை. அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஜனவரி முப்பதாம் தேதி லோரிஸ் மறுபடியும் போன் செய்தார்.

"சிஞ்ஞோரா நீவெஸ், ஒரு சின்ன சந்தேகம். நேத்து நீங்க போன் பண்ணினீங்களா?"

"இல்லையே."

"நினைச்சேன். ஒரு அம்மா பேசினாங்க. 'நீவெஸ் பேசுறேன், முதல் வரிசைக்குச் சரி, எழுதிக்கோங்க' அப்படின்னு ஒரே அதட்டல். எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. முப்பத்தொரு வருஷத்துல 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்'னு ஆரம்பிக்காம நீங்க என்கிட்ட ஒரு தடவைகூடப் பேசினது இல்லை."

அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தெயான்னா என் பேரைத் திருடியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. என்னை அடையாளம் கண்டுபிடிக்க ஊருக்கு இருக்கும் ஒரே வழி நான் மன்னிப்புக் கேட்கிறேனா என்று பார்ப்பதுதானா? காசு கொடுத்துக் குடை எடுக்கிறவள், எதற்கு முப்பத்தொரு வருஷம் மன்னிப்புக் கேட்டேன்?

"லோரிஸ், எழுதிக்கோங்க," என்றேன். "முதல் வரிசைக்குச் சரி. ஆனா என் பேரை அடிச்சிடுங்க. தெயான்னா கவாலியெரின்னு போடுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? பேர் ஒருதடவை போனா போனதுதான். அப்புறம் நீங்க வந்தா கடைசி வரிசைதான்."

"அடிங்க."

பேனா கீறுகிற சத்தம் போனிலேயே கேட்டது. மன்னிக்கணும் என்று சொல்லாமலே போனை வைத்தேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாம் குடும்பத்துக்காகத்தான் பண்ணினேன்," என்று முந்திக்கொண்டாள். "நீ கோவத்துல அந்த இடத்தை விட்டுட்டா? முப்பது வருஷம் காத்திருந்தோம்!"

"விடலை. உங்க பேருக்கு மாத்திட்டேன். பன்னிரண்டாம் எண், முதல் வரிசை. இனிமே நீங்க நீங்களாவே போன் பண்ணலாம்."

அவள் வாயைப் பிளந்தாள். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக் கொண்டாள். நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "எனக்குத் தெரியும், நீ தங்கமானவ," என்றாள். அவள் பிடி தளரும்வரை பொறுமையாக நின்றேன். பிறகு கைப்பையிலிருந்து, முப்பத்தொரு வருஷமாக என்னிடமே இருக்கும் வாடகை வீட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இதுவும் உங்களோடதுதான்."

"இது எதுக்கு?"

"குடை யார் பேர்ல இருக்கோ அவதான் வீட்டுக்காரி. நீங்க போட்ட சட்டம்தானே? ஒரு மணிக்குப் பாஸ்தா மேசையில இருக்கணும். ஒரியானோவுக்கு வெங்காயம் ஆகாது, பெரியவனுக்கு வெங்காயம் இல்லாம இறங்காது. ரெண்டு பாத்திரமா வையுங்க."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப நான் எப்போ குடைக்குக் கீழே உக்கார்றது?"

"சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்க. வெயில் தாழ்ந்து நல்லா இருக்கும். துண்டையும் எடுத்துட்டு வந்துடலாம்."

"பழிவாங்குறியா நீ?"

"ஆமா," என்றேன். பொய் சொல்வானேன்? படி இறங்கும்போது எனக்கு இருபது வயசு குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் என் தலையைத் தின்றார்கள். இரண்டு நாள் மட்டும் கடலுக்கு வந்து ஆள்களைப் பழக்கிவிட்டுப் போ என்றார்கள். துரினில் போன வருஷம் ஒரு கிழவியின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு எவனோ ஓடினானாம் என்றார்கள். எனக்கு மூளையில் ஏதோ கோளாறு, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று தெயான்னா ரொட்டிக்கடையில் சொல்லியிருக்கிறாள். ரொட்டிக்கடைக்காரி என்னிடம் மெதுவாக, "அந்தக் கோளாறு எப்படிப் பிடிக்கிறது, எனக்கும் வேணும்," என்றாள். நான் லினன் கோட்டுக்கு உள்துணி வைத்தேன். பித்தான் துளைகளைக் கையால் தைத்தேன், ஒன்றுக்கு முக்கால் மணி நேரம். எந்தக் காபிக்கடை ஆகஸ்டில் திறந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போன் செய்து கேட்டு, மூன்றைக் குறித்துவைத்தேன். ஒரு மேசையைச் சனிக்கிழமை இரவுக்குப் பேசியும் வைத்தேன். "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். "ஒருத்தி," என்றேன், சத்தமாகவே.

எர்மெஸ் மட்டும் எதுவும் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. ராணுவத்தில் இருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அக்கா சொல்வதற்குத் தலையாட்டிய மனிதர், இந்த வயதில் கழுத்து வேறு பக்கம் திரும்புமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஜூலையில் ஒருநாள், "உன் ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். "சனிக்கிழமை, ஏழு நாற்பது," என்றேன். கொண்டுபோய் விடுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுததால் என்ன, முடிவு மாறவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே எர்மெஸ் வீட்டில் இல்லை. இரண்டு காரிலும் சாமான் ஏற்ற அக்கா வீட்டுக்குப் போயிருப்பார், பெரிய பானை, தக்காளிச் சாறு ஜாடிகள், விசிறி என்று ஏற்ற நிறைய இருக்கும். போகட்டும் என்று லினன் உடையைப் போட்டுக்கொண்டேன். நிலைக்கண்ணாடியில் நின்றவளை எனக்கே பிடித்திருந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பிளாட்பாரத்தில் எர்மெஸ் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. தானே இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கை மடிப்பு முன்னால், இன்னொரு கை மடிப்பு பின்னால்.

"நீ பெல்லாரியா போகலையா?"

"இல்லை."

"தெயான்னா என்ன சொன்னாங்க?"

"அவங்களைக் கேக்கலை. போகலைன்னு போய்ச் சொல்லிட்டு வந்தேன். கத்தினாங்க. தெரு முனை வரைக்கும் கேட்டுது."

என் நெஞ்சு ஒரு நிமிஷம் இளகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. ஏழு மாதம் விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன் என்று நினைத்தாரா?

"நான் ஒருத்திக்குத்தான் அறை போட்டிருக்கேன், எர்மெஸ். நான் உன்னைக் கூட்டிட்டுப் போகப்போறது இல்லை."

"தெரியும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் வேற ஹோட்டல்ல எனக்கு ஒரு அறை போட்டிருக்கேன். நானேதான் போன் பண்ணினேன். உன்னோடது மாதிரி இல்லை, ஸ்டேஷன் பக்கத்துல, குளியல் அறை வராந்தாவுல இருக்காம். உன் தெருப்பக்கமே வரமாட்டேன். உன் இஷ்டத்துக்கு நீ சுத்து."

"அப்புறம் எதுக்கு வர்றே?"

அவருக்குக் காது வரை சிவந்தது. அறுபத்தாறு வயது மனிதர்.

"நாலு நாள்ல ஏதாவது ஒரு நாள், நீ சொல்ற நேரத்துல, என்கூட சாப்பிட வருவியான்னு கேக்கலாம்னுதான். வரமாட்டேன்னாலும் பரவாயில்லை. உன்னைத்தான் கேக்கணும்னு இருந்துச்சு."

முப்பத்தேழு வருஷத்தில் இந்த மனிதர் என்னை ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட அவர் சார்பில் வந்து கேட்டது தெயான்னாதான். என் கண் கலங்கியது, கலங்கட்டும் என்று விட்டேன். ஆனால் வளைந்துகொடுக்கவில்லை.

"இன்னைக்கும் நாளைக்கும் எனக்கு மட்டும்," என்றேன். "திங்கட்கிழமை எட்டு மணி. என் ஹோட்டல் வாசல்ல நில்லு, உள்ளே வராதே. கோட்டு போட்டுட்டு வா."

"கோட்டு கொண்டு வரலையே!"

"வாங்கிக்கோ. உனக்கு ரெண்டு நாள் இருக்கு."

ரயில் வந்தது. பழக்க தோஷத்தில் என் பின்னாலேயே படியில் கால் வைத்தார்.

"அடுத்த பெட்டி," என்றேன்.

இறங்கி, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு வேகமாக நடந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தனியாக விட்டால் என்ன நிறத்தில் கோட்டு எடுப்பாரோ, தன் அளவுகூட அவருக்குத் தெரியாதே என்று மனசு அடித்துக்கொண்டது. அளவு ஐம்பத்திரண்டு. எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம், பத்து அடிதான். நான் எழுந்திருக்கவில்லை.